லாயிடின் விண்வெளிக் கலங்கரை விளக்கம்

நாலு லிட்டர் ஐஸ்கிரீம் வாளியைச் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்து, அதன்மேல் காபித் தகர டப்பாவை ஏற்றி, அதற்கும் மேலே ஒரு தயிர்க் கோப்பையைத் தலைகீழாக நிறுத்திவிட்டு, என் கணவன் லாயிட் இரண்டடி பின்னால் நகர்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். அந்த ஒற்றைக்கண் பார்வையை நான் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"என்ன அது?" என்றேன்.

"விளக்கு," என்றான். போதவில்லை என்று அவனுக்கே தெரிந்தது. "பெரிய... கப்பல்... தண்ணி இல்ல." விரலை மேலே காட்டினான். கூரையை அல்ல, அதற்கும் மேலே.

"கலங்கரை விளக்கமா? ஆகாசத்துலயா?"

"ம்ம்!" முகமெல்லாம் சிரிப்பு.

"போட்டிக்கா?"

சிரிப்பு நின்றது. ஆனாலும் தலை ஆமாம் என்று ஆடியது.

போட்டி என்றால், வின்னிபெக்கில் எங்கள் அறிவியல் புனைகதை ரசிகர் மன்றம் பிப்ரவரி மாதம் நடத்துகிற போட்டி. வீட்டில் கிடக்கிற சாமான்களை வைத்து, வேறு ஏதோ உலகத்திலிருந்து வந்த மாதிரி ஓர் அலங்காரப் பொருள் செய்ய வேண்டும். ஓட வேண்டாம், பறக்க வேண்டாம். அலமாரியில் நின்றால் போதும். பார்க்கிறவன் ஒரே ஒரு நொடி ஏமாந்து, இது எந்தக் கிரகத்துச் சாமான் என்று கேட்க வேண்டும். ஒருவர் செய்ததை இன்னொருவர் தொடக் கூடாது. கடைசியில் ஒரு சுற்று உண்டு. நடுவர் பின்னல் ஊசியால் ஏதாவது ஒரு துண்டைத் தொட்டு "இது என்ன?" என்பார். அது வீட்டில் என்னவாக இருந்தது என்று, பத்து எண்ணுவதற்குள், செய்தவர் வாயால் சொல்ல வேண்டும். ஐந்து துண்டு. ஒன்று தப்பினாலும் வெளியே.

யாரோ ஒருவன் கடையில் வாங்கிய பொம்மைக் கப்பலுக்குச் சாம்பல் வண்ணம் அடித்துக்கொண்டு வந்து பரிசைத் தட்டிச் சென்றானே, அந்த வருஷம் எழுதிய விதி அது. வண்ணத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒட்டினவனுக்குத்தானே தெரியும்! எழுதியது லாயிட். பதினோரு வருஷம் அந்த ஊசியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் லாயிட்தான். தயவு தாட்சண்யம் கிடையாது. திணறுகிறவர்களைப் பார்த்து "வெளியே" என்று ஒரே வார்த்தை. என் தம்பி பெண்டாட்டியையே வெளியே அனுப்பினான். இரண்டு ஈஸ்டர் அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அப்படிப்பட்டவனுக்குப் போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரில் பக்கவாதம் வந்தது. கை கால் தப்பித்தன. வார்த்தைகள்தான் அகப்பட்டுக்கொண்டன. மறந்துபோயின என்று சொன்னால் அது தப்பு. உள்ளே இருக்கின்றன, வெளியே வர வழி தெரியாமல் முட்டி மோதுகின்றன. சீப்பைக் கையில் எடுப்பான், அது சீப்பு என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், வாய் "முள்கரண்டி" என்று சொல்லும். சொன்னது தப்பு என்பதும் அந்த நொடியே தெரியும். அதுதான் கொடுமை.

வீட்டுக்கு வெளியே அவன் வாயைத் திறப்பதே இல்லை. ஒரு தடவை கடையில் நின்ற பெண் அவனுக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு, குழந்தையிடம் பேசுவதுபோலக் கத்திக் கத்திப் பேசினாள். அவளை நான் நாலு வார்த்தை நன்றாகவே கேட்டேன். ஆனால் லாயிட் அன்றோடு சரி. போன் அடித்தால் எழுந்து குளியலறைக்குள் போய்விடுவான்.

"உனக்குப் பைத்தியமா லாயிட்?" என்றேன். "போயும் போயும் பேர் சொல்ற போட்டி! இருநூறு பேர் முன்னாடி! கேக் சாப்பிடுற போட்டி ஒண்ணு இருக்கு, அதுல சேரேன்."

அவன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். நீளமாக ஏதோ சொல்லப்போகிறான் என்று புரிந்து நானும் வாயை மூடினேன். எனக்கு அது லேசான காரியம் இல்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பனியில் நகரப் பேருந்து ஓட்டுகிறவள், இவளுக்கு ரொம்பப் பொறுமை இருக்கும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். கிடையாது. பிரேக் இருக்கிறது, அவ்வளவுதான்.

"அங்க... சொன்னா," என்றான், "எங்கயும்... சொல்வேன்."

"சொல்ல வரலன்னா?"

உதட்டின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தான், பையின் ஜிப்பை மூடுவதுபோல. ஒரேயடியாக.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் வாளியையும் டப்பாவையும் மறுபடி பார்த்தபோது, பொய் சொல்வானேன், கை பரபரத்தது.

அப்புறம் மூன்று வாரம் எங்கள் வீட்டில் எதையும் நம்பிக் கீழே வைக்க முடியவில்லை. முடி சுருட்டும் குழல்கள் ஆறு காணாமல் போயின. ரிமோட்டின் பேட்டரி மூடி போயிற்று. சவர ரேசரின் தலை, பேனா மூடி, பழைய பையின் ஜிப், திரைச்சீலைக் கொக்கி, பால் கேன் மூடி, பீட்சா பெட்டிக்கு நடுவில் வைப்பார்களே மூன்று கால் குட்டி மேசை, அவன் மாத்திரை டப்பாக்கள், ரொட்டிப் பையின் வாயைக் கவ்வும் பிளாஸ்டிக் கிளிப்புகள், எல்லாம் சூடான பசைத் துப்பாக்கிக்கு இரையாயின. தெர்மாகோல் வளையம் ஒன்றுக்கு வெள்ளைப் பசையை இரண்டு பூச்சு பூசிக் காயவைத்தான். இல்லாவிட்டால் ஸ்பிரே வண்ணம் பட்டதும் அது உருகிப் பள்ளம் பள்ளமாகப் போய்விடும். வெளியே கொட்டுகிற குளிரில் வண்ணம் ஒட்டாது என்பதால் நிலவறையில் அடித்தான். வீடு முழுக்க நாற்றம். ஒரு வாரம் என் சூப்பில்கூட அந்த வாடை வந்தது. சண்டை போட்டேன். அவன் இரண்டு ஜன்னலைத் திறந்தான், நான் கோட்டைப் போட்டுக்கொண்டு சூப்பைக் குடித்தேன்.

ஆனால் பாருங்கள், கறுப்பு அடித்துக் காய்ந்தபின், தூரிகையில் துளி வெள்ளி வண்ணம் தொட்டு, அதையும் துணியில் துடைத்துவிட்டு, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத அந்தத் தூரிகையால் மேடுகளை மட்டும் தடவினான். என் கண்ணெதிரே ஐஸ்கிரீம் வாளி இரும்பாயிற்று! ஆயிரம் வருஷம் விண்கற்களிடம் அடிபட்ட இரும்பு. மூலைகளில் லவங்கப்பட்டைப் பொடியைப் பசையில் குழைத்து அப்பினான், துரு பிடித்துவிட்டது. மாத்திரை டப்பாக்கள் ஜன்னல்களாயின. தயிர்க் கோப்பை உச்சியில் விளக்கறையாகி, உள்ளே கிறிஸ்துமஸ் சரவிளக்கு மினுங்கியது. அவன் ஸ்விட்சைப் போட்டபோது "அடேயப்பா!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மொத்தம் முந்நூற்றுப் பதினொரு துண்டு. எண்ணினது நான்தான், ஏனென்றால் அத்தனைக்கும் அவன் பெயர் சொல்லியாக வேண்டும். தினமும் காபிக்குப் பிறகு மரக்கரண்டியை எடுத்துக்கொண்டு உட்காருவேன்.

"இது என்ன?"

"குழாய். இல்ல. தலை... தலை..."

"சு..." என்று நான் ஆரம்பிப்பேன். முதல் எழுத்தைக் கொடுத்தால் போதும், மீதி தானாக விழுந்துவிடும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஜாஸ்லின்தான் சொல்லித்தந்தாள்.

"கூடாது!" என்று மேசையைத் தட்டுவான். "அங்க... நீ... இல்ல."

அதுவும் உண்மைதான். அங்கே எனக்குப் பார்வையாளர் நாற்காலிதான். பத்துக்கு நாலு என்று ஆரம்பித்தோம், ஆறு ஆயிற்று, நல்ல நாளில் எட்டு. ஐந்துக்கு ஐந்து வேண்டும் அங்கே. ஜாஸ்லின் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "லெஸ்யா, நான் காட்டுற படத்துக்கெல்லாம் இவர் கொட்டாவி விடுவாரு, இதுக்கு வேர்க்குது பாருங்க!" என்று சந்தோஷப்பட்டாள்.

இன்னொரு பயமும் இருந்தது. லாயிடுக்குப் பிறகு ஊசி ஈவெட் கைக்குப் போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள், ஊதா நிறத் தலைமுடி. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அருமையான செவ்வாய் கிரகத்துக் கடிகாரத்தில் ஒரு துண்டைத் தொட்டு லாயிட் கேட்டபோது, முட்டை அட்டை என்று சொல்லிவிட்டாள். அது ஆப்பிள் அடுக்கி வரும் அட்டை. வெளியே. அவள் வாகன நிறுத்தத்தில் நின்று அழுததை நான் பார்த்தேன். அவள் கையில் இப்போது இவன்.

போட்டி நாள் சனிக்கிழமை மதியம், பனிக்கட்டித் தரையில் கல்லைத் தள்ளி விளையாடுகிற கர்லிங் கிளப்பின் மாடி அரங்கில். வெளியே மைனஸ் இருபத்தொன்பது, காற்று வேறு. காரை அரைமணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, கலங்கரை விளக்கத்தை இரண்டு ரஜாய்ப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு லாயிட் உட்கார்ந்தான். பிரசவத்துக்குக் கூட்டிப்போகிற மாதிரி ஓட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது, காரிலிருந்து வாசல் கதவு வரைக்குமான நாற்பது அடியைத் தவிர. சூட்டில் ஒட்டிய பசைக்குக் குளிர் ஆகாது. கெட்டித்து, பிடியை விட்டுவிடும். அந்த நாற்பதடியில் ரஜாய்க்குள்ளிருந்து டிக், டிக், டிக் என்று மூன்று சத்தம். ஒவ்வொன்றுக்கும் லாயிட் என்னைப் பார்த்தான், குளிரைச் செய்து வைத்ததே நான்தான் என்பதுபோல.

வாசலுக்கு உள்ளேயே பிளக்கைத் தேடித் தரையில் உட்கார்ந்து, பசைத் துப்பாக்கியைச் சூடாக்கி, விழுந்த மூன்றையும் ஒட்டினான். பிறகு நம்பர் வாங்க வரிசைக்குப் போனான். வாய் பேச வேண்டியிராத வரிசை, சீட்டைக் காட்டினால் போதும்.

நான் காவல் இருந்தேன். சும்மா இருந்திருக்கலாம். ஒரு காபி வாங்கிக் குடித்திருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், உற்றுப் பார்த்தேன். விளக்கறைக்குக் கீழே, முன்பக்கமாக, கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடம் மொட்டையாக இருந்தது. சுற்றிலும் குழலும் கிளிப்பும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, நடுவில் வழுக்கை! நாலாவதாக ஒன்று விழுந்திருக்கிறது, நாங்கள் கவனிக்கவில்லை. ரஜாயை உதறினேன். இல்லை. வாசலுக்கு ஓடிப் பனியில் தேடினேன். மிதிபட்டு அழுக்கான பனியில் அந்தச் சின்னத் துண்டு எங்கே தெரியும்! திரும்பி வந்தபோது ஒலிபெருக்கியில் "இன்னும் பத்து நிமிஷம்" என்றார்கள். என் குளிர்க் கோட்டுத் தொப்பியின் கயிற்றை இறுக்குகிற சின்ன பிளாஸ்டிக் குமிழ் கண்ணில் பட்டது. வரிவரியாக, நடுவில் ஓட்டையோடு, இதற்கென்றே பிறந்த மாதிரி இருந்தது. கயிற்றை அறுத்தேன், ஒட்டினேன், அவன் பையிலிருந்த கறுப்பையும் வெள்ளியையும் தடவினேன். அச்சாகப் பொருந்திவிட்டது. பெருமையாகக்கூட இருந்தது.

லாயிட் நம்பரோடு வந்து, தூக்கிக்கொண்டு படியேறினான். அப்போதுதான், ஏழாவது படியில் என்று நினைக்கிறேன், எனக்கு உறைத்தது. முந்நூற்றுப் பதினொரு துண்டில் ஒன்று அவனுக்குத் தெரியாத துண்டு.

சொல்லலாம். சொன்னால் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். இன்னொருவர் கை பட்டது என்று நேரே நடுவரிடம் போய்த் தன்னைத்தானே வெளியேற்றிக்கொள்வான், ஒரு வார்த்தைகூடப் பேசாமல். மூன்று வார வேர்வையும் போகும், ஜிப் இழுத்த வாயும் அப்படியே மூடிக்கொள்ளும். முந்நூற்றுப் பதினொன்றில் ஐந்துதானே கேட்பார்கள்! பனியில் மஞ்சள் சிக்னலைப் பார்த்தும் பேருந்தை விட்டு நான் ஆடுகிற சூதாட்டத்தைவிட இது ஒன்றும் பெரிதில்லை. வாயை மூடிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

விளக்கைப் போட்டதும் அரங்கம் "ஓ" என்றது. மேசை மேசையாக வந்த கூட்டம் அவன் முன்னால் வந்து நின்றுவிட்டது. ஈவெட் அவனிடம் குனிந்து பேசினாள்.

"லாயிட், குழுவுல பேசிட்டோம். நீங்க வேணும்னா எழுதிக் காட்டலாம். யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

நல்ல மனசு. எனக்கு அவள்மேல் இருந்த பயம் பாதி போயிற்று. லாயிட் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, தன் வாயைக் காட்டினான். "விதி," என்றான்.

"சரி. அப்ப நானும் உங்க மாதிரியேதான் எண்ணுவேன்."

"எண்ணு."

வீட்டுக்கு வெளியே ஒரு வருஷத்தில் அவன் பேசிய முதல் இரண்டு வார்த்தைகள். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஊசி அடிப்பாகத்தைத் தொட்டது. "இது என்ன?"

மூன்று கால் குட்டி மேசை. லாயிட் மூச்சை இழுத்தான். "பீட்சா," என்றான். "பீட்சா... மேசை."

சிரிப்பும் கைதட்டலும். "சரி," என்றாள் ஈவெட்.

இரண்டாவது, ஜன்னல். "என்... மாத்திரை. டப்பா." எண்ணவே ஆரம்பிக்கவில்லை அவள்.

மூன்றாவது, ரொட்டிக் கிளிப். வீட்டில் பத்துத் தடவையில் ஒன்பது தடவை இதில் விழுவான். "வெண்ணெய்," என்றான். உடனே கண்ணை மூடிக்கொண்டு தலையை உதறினான். ஈவெட் எண்ண ஆரம்பித்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என் நாக்கு நுனியில் "ரொ" நின்றது. முன் வரிசையிலிருந்து மெல்ல உதட்டை அசைத்தால் போதும். நாக்கைக் கடித்தேன், நிஜமாகவே கடித்தேன், உப்புக் கரித்தது. "ஏழு, எட்டு..."

"ரொட்டி! பை! ரொட்டிப் பை பூட்டு!"

"சரி!" என்று ஈவெட்டே கத்திவிட்டாள். பின்னால் யாரோ விசிலடித்தார்கள். லாயிட் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

நாலாவது, ஜிப். "ஜிப்," என்றான், கேள்வி முடிவதற்குள். அரங்கம் எழுந்து நின்றது. நானும் எழுந்தேன். நாற்காலி கவிழ்ந்தது, யார் கவனித்தார்கள்!

ஐந்தாவதுக்கு ஊசி மெல்ல மேலே ஏறியது. விளக்கறைப் பக்கம் போனது. அது எங்கே போய் நிற்கும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. எதிரே லாரி வழுக்கிக்கொண்டு வருவது தெரிந்தும் கையில் ஸ்டீயரிங்கை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாத நொடி உண்டே, அது.

"இது என்ன?"

லாயிட் குனிந்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். விரல் குமிழைத் தொட்டது, பக்கத்துக் குழலைத் தொட்டது, திரும்பக் குமிழுக்கு வந்தது. உதடு அசையவே இல்லை.

"ஒண்ணு. ரெண்டு."

வார்த்தை வராத முகத்தை நான் தினமும் பார்க்கிறேன், எனக்கு அது பழக்கம். இது அந்த முகம் இல்லை. இது ஆஸ்பத்திரியில் முதல் நாள் பார்த்த முகம், என்னைப் பார்த்து வாயைத் திறந்து ஒன்றும் வராமல் பயந்துபோன முகம். பெயர் வரவில்லை என்று அவன் நினைக்கவில்லை. தான் ஒட்டியதே நினைவில்லை என்று நினைத்தான். மிச்சம் இருந்ததும் போய்விட்டது என்று நினைத்தான்.

"மூணு. நாலு." ஈவெட்டின் குரல் இறங்கிவிட்டது. எல்லாரும் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பரிதாபம் எனக்குப் பொறுக்கவில்லை.

"நிறுத்து!" என்று கத்தினேன். "அத ஒட்டுனது நான்! நான்தான் ஈவெட்! என் கோட்டுத் தொப்பிக் கயித்துக் குமிழ் அது, இங்க பாரு, கயிறு தொங்குது! லாயிட், உனக்கு ஒண்ணும் ஆகல! நீ அத பாத்ததே இல்ல!"

இருநூறு தலை என் பக்கம் திரும்பியது. லாயிட் நிமிர்ந்தான். கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவப்பு ஏறியது.

"நீயா?"

"ஒரு துண்டு விழுந்துருச்சுன்னு நெனச்சேன். மொட்டையா இருந்துச்சு..."

"விழல!" மேசையில் அறைந்தான், உச்சி விளக்கு ஒரு தரம் அணைந்து எரிந்தது. "எதுவும் விழல! அந்த எடம் சும்மா இருக்கணும்னு நான்தான் விட்டேன்! உன்ன யாரு கை வைக்கச் சொன்னா? எங்கயாச்சும் கொஞ்சம் எடம் இருந்தாத்தானே, லெஸ்யா, பாக்குறவன் கண்ணு நிக்கும்! பூரா ஒட்டிட்டா அது வெளக்கா, இல்ல... இல்ல... அது... பொம்ம தொங்கும்... பச்ச..."

"கிறிஸ்துமஸ் மரமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"ஆமா! மரமா?"

நான் நின்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை. இருநூறு பேர் முன்னால் கட்டினவன் கன்னாபின்னாவென்று திட்டுகிறான், எனக்கோ இன்னும் திட்டு, இன்னும் திட்டு என்றிருந்தது. இவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. அன்றைக்கு என் செருப்பு கடித்தது.

அவன் நிறுத்தினான். தான் எவ்வளவு பேசிவிட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்குக் கேட்டது. வாயைத் திறந்தபடி ஈவெட்டைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். ஊசியைக் கீழே இறக்கினாள்.

"லாயிட்," என்றாள், "வேற கை பட்டிருக்கு. அது... உங்க விதிப்படி..."

அவளால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. லாயிட் குமிழை நகத்தால் நெம்பிப் பிடுங்கினான். மேசைமேல் வைத்தான். பதினோரு வருஷம் மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரலில், கணீரென்று, தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"வெளியே."

பரிசு, ஊறுகாய் ஜாடிக்குள் ஜெல்லியில் ஒரு குட்டி வேற்றுக்கிரகவாசியை மிதக்கவிட்டவருக்குப் போயிற்று. நல்ல வேலைதான், அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் கை தட்டி முடித்த ஜனங்கள் ஜாடிப் பக்கம் போகவில்லை. ஈவெட்தான் ஆரம்பித்து வைத்தாள். ஊசியை மேசைமேல் வைத்துவிட்டு, வெறும் விரலால் கலங்கரை விளக்கத்தின் கழுத்தைத் தொட்டாள்.

"இது என்ன? போட்டிக்கு இல்ல. எனக்குத் தெரியணும்."

"தலை... சுருட்டி. அவளோடது." என்னைக் காட்டினான்.

"என் ஆறு சுருட்டி! திருடன்!" என்றேன்.

அவளுக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார், அவருக்குப் பின்னால் இன்னொருவர். பார்க்கும்போதே வரிசை சுவரைத் தொட்டு வளைந்தது. "இது என்ன லாயிட்?" "இது?" "இந்த வளையம்?" அவன் சொன்னான். சிலதற்குச் சரியாக வந்தது. சிலதற்கு வாயில் வேறு என்னவோ வந்தது. சவர ரேசரைக் காட்டினால் "வாத்து" என்றான், கேட்டவர் விழுந்து விழுந்து சிரித்தார், லாயிடும் சிரித்தான், சிரித்து முடித்து மறுபடி முயன்றான். யாரும் எண்ணவில்லை. கர்லிங் கிளப்காரர் வந்து நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தும் வரிசை கலையவில்லை.

நானும் போய்க் கடைசியில் நின்றுகொண்டேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. என் முறை வந்தபோது அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது, கண் மட்டும் பளபளவென்று இருந்தது. எதைக் கேட்கலாம் என்று பார்த்து விரலை நீட்டினேன்.

"நீ," என்றான் லாயிட், "கைய பாக்கெட்டுல வை. வச்சுட்டு கேளு."

வைத்துக்கொண்டேன்.